மெகாபிக்ஸலை விடு, லென்ஸைப் பாரு!

கேமரா கடைக்குள்ள நுழைஞ்சதும் "இது எத்தனை மெகாபிக்ஸல்?"னு கேட்கிறதை முதல்ல நிறுத்தும்மா. அந்த எண்ணைப் பெட்டி மேலேயே பெரிசாப் போட்டிருப்பாங்க. அதைக் காட்டியே உன் தலையில கட்டிடுவாங்க. உனக்கு வேண்டியது என்ன? காதுகுத்து, வளைகாப்பு, கொலுன்னு வீட்டுக்குள்ள டியூப்லைட் வெளிச்சத்துல முகம் பளிச்சுனு விழணும், அவ்வளவுதானே? அதுக்குப் பார்க்க வேண்டியதே வேற.

1. ஆல்பத்துல வைக்கிற 4-க்கு 6 அங்குலப் படத்துக்கு 2 மெகாபிக்ஸலுக்குச் சித்தே மேல இருந்தா போதும். ஏ4 அளவுக்கு 9 போதும். இப்ப வர்ற நல்ல கேமராவுல 20, 24 சாதாரணம். அதனால இந்த எண்ணுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் குடுக்காதே. ஆன்லைன்ல சில ஆயிரத்துக்கு 48, 64-னு பேர் தெரியாத கேமரா வரும். பெரும்பாலும் அது சின்னப் படத்தை மென்பொருளால ஊதிப் பெரிசாக்கின கணக்கு. தொடாதே.

2. கேட்க வேண்டியது சென்சார் அளவு. வெளிச்சத்தை வாங்குற சில்லு அதுதான். சின்னப் பாக்கெட் கேமராவுல அது சுமார் 6-க்கு 4.5 மில்லிமீட்டர். ஏ.பி.எஸ்.சி. வகையில சுமார் 23-க்கு 15. பரப்பு 12 மடங்குக்கும் மேல! வெளிச்சம் கம்மியானா சின்ன சென்சார்ல படம் புள்ளி புள்ளியா வரும். கேமராவே அந்தப் புள்ளியைத் துடைக்கப் பார்க்கும்போது புடவை ஜரிகையும் தலைமுடியும் சேர்ந்து அழிஞ்சுடும். அப்படி ஒண்ணை வாங்குறதுக்குக் கையில இருக்கிற நல்ல செல்போனே மேல். அதுக்கும் பெரிய சென்சாரான ஃபுல் ஃப்ரேம் மேல ஆசையும் வேண்டாம். செலவு கேமராவோட நிக்காது, லென்ஸ் விலையும் எகிறும்.

3. பணத்தை லென்ஸ்ல போடு. இதைத்தான் யாரும் கேட்க மாட்டேங்கிறீங்க. கூடவே குடுக்கிற 18-55 லென்ஸை முழுசா ஜூம் பண்ணினா திறப்பு எஃப் 5.6-க்குச் சுருங்கிடும். எஃப் எண் சின்னதானா திறப்பு பெரிசு. எஃப் 1.8 லென்ஸ் அதைவிட 9 மடங்குக்கும் மேல வெளிச்சம் உள்ளே விடும். கேமராவுல ஒரு மாடல் இறங்கிக்கோ, மிச்சத்துல இப்படி ஒரு லென்ஸ் வாங்கு.

ஏ.பி.எஸ்.சி. கேமராவுக்கு 50 மி.மீ. முகத்துக்கு அருமை. ஆனா சின்ன ஹால்ல முதுகு சுவத்துல முட்டினாலும் குடும்பம் மொத்தமும் அடங்காது. வீட்டுக்குள்ளதான் அதிகம் எடுப்பேன்னா 35 வாங்கு. இன்னொண்ணு, ரெண்டு வரிசையா நிக்க வெச்சு எடுக்கும்போது 1.8-லயே வெச்சுடாதே. முன்வரிசை தெளிவா இருக்கும், பின்னாடி நிக்கிற பாட்டி மங்கிடுவாங்க. 4 இல்லேன்னா 5.6-க்கு மாத்து.

4. "ஸ்டெபிலைசேஷன் இருக்கு, ஆடாது"ன்னு சொல்வாங்க. அது உன் கை நடுக்கத்துக்கு மட்டும்தான். ஓடுற பிள்ளையை அது நிறுத்தாது. ஷட்டர் வேகத்தை நொடியில 500-ல ஒரு பங்குக்கு ஏத்து.

5. டிஜிட்டல் ஜூமுக்குக் காசு குடுக்காதே. படத்தை வெட்டிப் பெரிசாக்குறது அது. ஆப்டிகல் ஜூம் எவ்வளவுன்னு மட்டும் கேளு.

6. கடைக்குப் போகும்போது உன் எஸ்.டி. கார்டை எடுத்துட்டுப் போ. வாசல் வெளிச்சத்துல எடுத்துக் காட்டினா எந்தக் கேமராவும் அழகாத்தான் எடுக்கும். கடையோட இருட்டு மூலையில இருக்கிற பெட்டி எழுத்தை எடு. முழுசாப் பெரிசாக்கி நடுவையும் ஓரத்தையும் பாரு. 3 அங்குலத் திரையை நம்பாதே, வீட்டுக் கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்துட்டு மறுநாள் பணம் கட்டு. ஒரு நாள்ல விலை ஏறிடாது.

7. எல்லாரும் மிரர்லெஸ்ஸுக்கு மாறுறதால பழைய டி.எஸ்.எல்.ஆர். மலிவாக் கிடைக்குது. தாராளமா வாங்கலாம். லென்ஸுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாரு, நூலாம்படை மாதிரி தெரிஞ்சா பூஞ்சை, வேண்டாம். ஷட்டர் எத்தனை தடவை ஓடியிருக்குன்னும் கேளு. புதுசு வாங்கினா பில்லும் இந்திய வாரன்டியும் இல்லாம நகராதே.

8. லென்ஸ் மேல மாட்டச் சொல்லி மலிவான யு.வி. ஃபில்டர் நீட்டுவாங்க. நல்ல கண்ணாடி முன்னாடி மட்டமான கண்ணாடி எதுக்கு? அந்தக் காசுல, பூஞ்சை பிடிக்காம கேமராவை வைக்க, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவும் சிலிகா ஜெல்லும் வாங்கு. சென்னை, நாகப்பட்டினம் மாதிரி கடலோர ஊர்ல இருந்தா இது கட்டாயம். துணி பீரோவுக்குள்ள கேமராவைப் பூட்டி வைக்காதே.

9. எடுத்த படத்தை வாட்ஸ்அப்ல சும்மா அனுப்பினா அது சுருக்கித்தான் அனுப்பும். அப்புறம் கேமராவைக் குறை சொல்லாதே. டாக்குமென்ட்டா அனுப்பு.