பாலாற்றுக்காக மனு எழுதுகிறீர்களா?

பாலாற்றில் கலந்த தோல் ஆலைக் கழிவுநீர் குறித்து வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில்தான், ‘மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும்’ என்று 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மக்கள் குரலுக்கு வலிமை உண்டு. முறையாக எழுதுங்கள்.

● 2019-இல் வேலூர் மாவட்டம் பிரிந்தது. ஆம்பூர், வாணியம்பாடி மக்கள் திருப்பத்தூர் ஆட்சியருக்கும், பேரணாம்பட்டு மக்கள் வேலூர் ஆட்சியருக்கும் எழுத வேண்டும்.

● ஆற்றில் நுரையோ கிணற்றில் நிறமாற்றமோ கண்டால் இடம், தேதி, நேரம் குறித்துப் படத்தையும் இணையுங்கள்.

● திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். ஒரு நகலை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் அனுப்புங்கள்.

● நடவடிக்கை இல்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ₹10 கட்டணத்துடன் விவரம் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

● பத்திரிகை ஆசிரியருக்கு எழுதும்போது ஒரு கடிதத்தில் ஒரே பிரச்சினை போதும். கண்டதை மட்டும் சுருக்கமாக எழுதி, பெயர், முகவரி, கைபேசி எண் தாருங்கள்.