வியர்வைக்கு வழிவிடும் ஒப்பனை



கடந்த ஏப்ரல் விடுமுறையில் வவுனியாவில் என் ராத்தாவுக்கு நிக்காஹ் நடந்தது. பெண்கள் இருந்த பகுதியில் ஆட்கள் நிறைந்திருந்த நேரத்தில் மின்சாரம் நின்றது. சிறிது நேரத்திலேயே ராத்தாவின் நெற்றியில் இருந்து இறங்கிய வியர்வை, பவுண்டேசனில் கோடு கோடாக வழி வெட்டியது. கண்மை கன்னத்துக்கு வந்தது. உம்மா கைலேஞ்சியால் துடைக்கத் துடைக்க முகம் திட்டுத் திட்டானது. ராத்தா அழத் தொடங்கினாள், மிச்சமிருந்ததும் கரைந்தது. அன்றைய படங்களை அவள் இன்றுவரை திறந்து பார்ப்பதில்லை.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் நான், அன்று அவள் முகத்தில் நடந்தது என்னவென்று தேடிப் படித்தேன். படித்ததையும் பிறகு செய்து பார்த்ததையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

வியர்வை ஏன் வழிகிறது?

நமது தோலில் 20 முதல் 40 இலட்சம் வரையான வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. நெற்றியில் அவை நெருக்கமாக அமைந்திருக்கின்றன. வியர்வையில் ஏறத்தாழ 99 சதவீதம் நீர். மீதியில் பெரும்பங்கு உப்பு. அந்த நீர் ஆவியாகும்போது உடலின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஒரு லீற்றர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் வெளியேறும். ஆவியாகாமல் சொட்டி விழும் வியர்வையால் இந்தப் பயன் இல்லை.

வன்னியின் வறண்ட காற்றில் வயல் வரம்பில் நடக்கும்போது வியர்ப்பது நமக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. காற்று அதை உடனுக்குடன் உலர்த்திவிடும். ஆனால் மழைக்கு முந்திய புழுக்கத்தில், ஆட்கள் நிறைந்த மண்டபத்தில், காற்று ஏற்கெனவே ஈரமாக இருக்கும். அங்கே வியர்வை உலராமல் வழிகிறது. ராத்தாவின் ஒப்பனையைக் கெடுத்தது வெயிலை விட அந்த ஈரக் காற்றுதான்.

எது கரைகிறது? எது நிற்கிறது?

முகத்தில் வியர்வையோடு எண்ணெயும் சுரக்கிறது. நீர் கலந்த பூச்சை வியர்வை கரைக்கும். எண்ணெய் கலந்த பூச்சைத் தோலின் எண்ணெய் இளக்கும்.

இந்தச் சிக்கல் பழையது. இரவு முழுவதும் ஆடிய கூத்துக் கலைஞர்கள் அரிதாரம், முத்துவெள்ளை முதலிய பொடிகளைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசினார்கள். எண்ணெயில் நீர் ஒட்டாததால் வியர்வை அதன் மேல் உருண்டோடியது. ஆனால் அரிதாரம் என்பது ஆர்சனிக் கலந்த கனிமம். நன்றாக நிற்பதெல்லாம் நல்லதல்ல என்பதற்கு அந்தச் சொல்லே சாட்சி. ஐரோப்பாவில் வியன்னா நகரப் பாடகி ஹெலன் வின்டர்ஸ்டைன்-கம்பர்ஸ்கி, மேடையில் கண்மை கரைவதைப் பொறுக்காமல் 1930களில் நீரில் கரையாத மஸ்காராவை உருவாக்கினார். இன்றைய நீர்புகா மைகளில் மெழுகும், பூசியதும் பறந்துவிடும் கரைப்பானும், மெல்லிய படலமாக இறுகும் பல்பகுதியங்களும் இருக்கின்றன.

அப்படியானால் முகம் முழுவதும் அத்தகைய படலத்தைத் தடிப்பாகப் பூசினால் போதாதா? போதாது. வியர்வை மேலிருந்து விழும் மழையல்ல, கீழிருந்து வரும் ஊற்று. மூடி வைத்தாலும் அது படலத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும். ஆகவே ஊற்றை அடைக்க முயலாமல், அதற்கு வழிவிட்டுப் பூச வேண்டும்.

செய்யும் முறை

முதலில் முகம் கழுவி, குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் ஒற்றி, மின்விசிறியின் கீழ் வியர்வை அடங்கும் வரை இருங்கள். குளித்த சூட்டோடு ஒப்பனைக்கு உட்காருவதே பலர் செய்யும் பிழை.

எண்ணெய்ப் பசையற்ற கிறீமை மெல்லியதாகப் பூசி, சில நிமிடங்கள் உலர விடுங்கள்.

பவுண்டேசனைத் தேவையான இடத்தில் மட்டும், பஞ்சால் அழுத்தி அழுத்தி இடுங்கள். அதிகம் வியர்க்கும் நெற்றியிலும் மேலுதட்டிலும் மிகக் குறைவாகப் போதும்.

பவுடரைத் தேய்க்காமல் அழுத்தி வையுங்கள். கரையாத மையைக் கண்ணிமைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வியர்த்தால் துடைக்க வேண்டாம். மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். ஒற்றிய பிறகே பவுடர். ஈரத்தின் மேல் இட்டால் அது களியாகிவிடும்.

முந்தானையின் உள்ளே பருத்தித் தொப்பி அணிந்தால் தலையில் இருந்து இறங்கும் வியர்வையை அது உறிஞ்சிக்கொள்ளும். பொலியெஸ்டர் துணி உறிஞ்சாது.

அக்குளுக்கான வியர்வை நிறுத்தியைச் சிலர் முகத்தில் பூசுகிறார்கள். அதில் உள்ள அலுமினிய உப்புகள் வியர்வைத் துளைகளை அடைப்பவை. முகத்தின் மென்மையான தோலில் அவை எரிச்சலை உண்டாக்கலாம். வியர்வை வெளியேற வழியின்றி அடைபடுவதால்தான் வேர்க்குருவும் வருகிறது. குளிரிலும் ஓய்விலும் கூட முகம் ஓயாமல் வியர்த்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். தைரொயிட் சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்தாலும் அப்படி வியர்க்கும்.

வுளூவும் ஒப்பனையும்

நீரைத் தடுக்கும் படலம் முகத்தில் இருந்தால் வுளூவின் நீர் தோலைச் சேராது. எனவே வுளூச் செய்யுமுன் அதை நீக்கிவிட வேண்டும். ராத்தாவின் நிக்காஹ் அன்று அஸர் நேரம் வந்தபோது, முகத்தைக் கழுவுவதா படம் எடுக்கக் காத்திருப்பதா என்று தடுமாறி நின்றது எனக்கு நினைவிருக்கிறது. லுஹருக்கு வுளூச் செய்து, தொழுது, அந்த வுளூவோடே ஒப்பனைக்கு உட்கார்ந்தால், அது முறியாதவரை அஸரையும் தொழலாம். முறிந்துவிட்டால் கழுவத்தான் வேண்டும். மெல்லிய ஒப்பனையாக இருந்தால் கழுவுவதும் எளிது, மீண்டும் இடுவதும் எளிது.

ஆகஸ்ட் மாதத்தில் சாச்சியின் மகளுக்கு நிக்காஹ் நடந்தது. வெயில் குறையவில்லை, மண்டபமும் நிறைந்துதான் இருந்தது. மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் பருத்தித் துணியோடு நான் உட்கார்ந்திருந்தேன். அவள் வுளூ அஸருக்கு முன்பே முறிந்துவிட்டது. தயங்காமல் எழுந்துபோய் முகம் கழுவித் தொழுதுவிட்டு வந்தாள். பதினைந்து நிமிடத்தில் மறுபடியும் பூசி முடித்தோம். பூசிவிட்டது ராத்தா.