பாடம்: கணனி அறைக்கு எந்தக் கேபிள்?



விக்டோரியா அணைக்கட்டு 1985இல் திறக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரும் அதைச் சூழ்ந்த வயல்களும் நீருக்குள் போயின. அன்று நிலத்தை இழந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கணனி கேட்கிறார்கள். அது ஆடம்பரமல்ல. நீர்த்தேக்கத்தினால் மக்கள் இடம்பெயர்ந்த கொத்மலையில், சமூக வானொலி 1999இலேயே யுனெஸ்கோவின் உதவியுடன் இணையத்தைப் பயன்படுத்தியது. நேயர்களின் கேள்விகளுக்கு அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி வானொலியில் பதில் கூறினர்.

குண்டசாலையில் நாம் கணனி அறை அமைத்தபோது கணனிகளின் விலையைப் பற்றிப் பல நாட்கள் பேசினோம். கேபிளைப் பற்றிப் பேசவேயில்லை. மண்டபத்திலிருந்து பாலர் பாடசாலைக்கு ஒரு சாதாரணக் கேபிளை வெளியால் இழுத்தோம். ஒக்டோபர் மாதத்து இடிமழையில், ஒரே மாலையில், இரு பக்கத்துக் கருவிகளும் எரிந்துபோயின. குடும்பங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. அந்த நட்டம் உங்களுக்கு வரக்கூடாது என்பதற்காகவே இப்பாடம்.

1. கேபிளின் உள்ளே

கணனிகளை இணைக்கும் ஈத்தர்நெட் கேபிளினுள் 8 மெல்லிய கம்பிகள் உள்ளன. அவை இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு 4 சோடிகளாக இருக்கும். கயிற்றை முறுக்குவது பலத்துக்காக. இங்கு முறுக்குவது வேறு காரணத்துக்காக. வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரு கம்பிகளிலும் ஏறக்குறைய ஒரேயளவில் படுவதால், மறுமுனையில் அது கழிபட்டுவிடுகிறது. ஆகவே முனை பூட்டும்போது முறுக்கைத் தேவைக்கு மேல் பிரிக்க வேண்டாம்.

2. வகைகள்

கேட் 5: செக்கனுக்கு 100 மெகாபிட் வேகத்துக்கெனப் பயன்பட்ட பழைய வகை. புதிதாக வாங்க வேண்டாம்.

கேட் 5ஈ: 1000 மெகாபிட், அதாவது 1 கிகாபிட். 100 மீற்றர் வரை செல்லும். கிராமத்துக் கணனி அறைக்கு இது போதும்.

கேட் 6: 1 கிகாபிட்டை 100 மீற்றர் வரையும், 10 கிகாபிட்டை ஏறத்தாழ 55 மீற்றர் வரையும் கொண்டுசெல்லும். சுவருக்குள் பதிப்பதாயின் இதைப் போடலாம். பின்னர் மாற்றுவது கடினம்.

கேட் 6ஏ: 10 கிகாபிட்டை 100 மீற்றர் வரை கொண்டுசெல்லும். தடிப்பும் விலையும் கூட. எமக்குத் தேவைப்படுவது அரிது.

ஒன்றை மறக்க வேண்டாம். வாய்க்காலை அகலமாக்கினாலும் மடையில் வரும் நீர் அவ்வளவுதான். விலை கூடிய கேபிள் இணைய இணைப்பின் வேகத்தைக் கூட்டாது.

3. வாங்கும்போது

மலிவான சில கேபிள்களில் இருப்பது முழுச் செப்பு அல்ல, செப்புப் பூசிய அலுமினியம். அது எளிதில் முறியும். கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் விட்டுவிடுங்கள். சுவரில் நிரந்தரமாகப் போடுவதற்கு ஒற்றைக் கம்பி வகை நல்லது. கணனிக்கருகே அசைந்து வளையும் இடத்துக்குப் பல இழை வகை நல்லது.

4. போடும்போது

மின்சாரக் கம்பி செல்லும் குழாயில் இதை இழுக்க வேண்டாம். வெளியால் போவதாயின் வெயிலையும் மழையையும் தாங்கும் கேபிள் வேண்டும். ஆனால் அதன் உறை மின்னலைத் தடுக்காது. எமது தவறு இங்கேதான் நடந்தது. இரு கட்டடங்களுக்கிடையே உலோகம் கலவாத கண்ணாடி இழைக் கேபிளைப் போடுங்கள். அதில் செல்வது ஒளி. அது மின்சாரத்தைக் கடத்தாது. இரு முனையிலும் அதற்குரிய மாற்றுக் கருவி தேவை. செலவு கூடினால் கம்பியில்லா இணைப்பை நாடலாம். வானம் இருளும் முன்பே கேபிள்களையும் மின் இணைப்பையும் கழற்றிவிடுங்கள். இடி முழங்கும்போது அவற்றைத் தொட வேண்டாம்.

கற்பாறையின்மேல் வீடு கட்டியவனின் உவமையை நாம் அறிவோம். கண்ணுக்குத் தெரியாத அத்திவாரத்துக்கும் செலவிடுவதே புத்தி.

குழுவாகக் கலந்துரையாட:

- எமது மண்டபத்தில் மிக நீளமான கேபிள் எத்தனை மீற்றர்?
- அது கட்டடத்துக்கு வெளியே செல்கிறதா?
- மழைக்காலத்தில் அதைக் கழற்றும் பொறுப்பு யாருடையது?