பெயர் பெற்ற வௌவால்

நுழையும்முன்

ஓர் உயிரைச் சரியாக இனங்காண்பதே அதனைக் காப்பதற்கான முதற்படி. சில பற்களின் வேறுபாடு ஓர் இனத்தின் தலைவிதியை மாற்றிய வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இருபத்து நான்கு ஆண்டுப் பிழை

கரிவலம்வந்தநல்லூரில் அந்தி சாய்ந்ததும் பழமரங்களை நாடி வருவது குறுமூக்குப் பழந்தின்னி வௌவால். ஊருக்கு மேற்கே நீலக்கோடாகத் தெரியும் மேற்குத்தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் அதன் அரிய உறவினம் ஒன்று வாழ்கிறது. உலகில் வேறெங்கும் அதனைக் காண இயலாது.

இம்மலைத்தொடரில், தேனி மாவட்ட மேகமலையில், 1948இல் ஆங்கஸ் ஹட்டன் என்னும் இயற்கை ஆர்வலர் வௌவால் ஒன்றைச் சேகரித்தார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த அம்மாதிரி, குறுமூக்கு வௌவால் என்றே பதிவாயிற்று. தாய்லாந்து அறிஞர் கிட்டி தொங்லோங்யா அதனை மீண்டும் ஆராய்ந்தார். குறுமூக்கு வௌவாலின் கீழ்த்தாடையில் வெட்டுப்பற்கள் நான்கு, இதற்கோ இரண்டே. அதற்குச் சிறு வால் உண்டு, இதற்கு இல்லை. எனவே, 1972இல் இது புதிய பேரினமாக அறிவிக்கப்பட்டு, பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் பெயரைப் பெற்றது.

பெயரும் பாதுகாப்பும்

அதே 1972இல்தான் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தில் பழந்தின்னி வௌவால்கள் ‘தீங்குயிர்’ பட்டியலில் இடம்பெற்றிருந்தன. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அப்பட்டியல் நீங்கியது. ஆனால், சாலிம் அலி வௌவால் உயரிய பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் முன்னரே சேர்க்கப்பட்டது. பழைய பெயரே நீடித்திருப்பின், இவ்வரிய உயிரும் தீங்குயிராகவே எண்ணப்பட்டிருக்கும்.

காலத்தின் அருமை

பெயர் மட்டும் போதுமா? இந்தியப் பெருங்கடலின் கிறிஸ்துமஸ் தீவில் ஐந்து கிராம் எடைகூட இல்லாத சிறு வௌவால் ஒன்று வாழ்ந்தது. அது அருகி வருவதை அறிஞர் அறிந்திருந்தனர். எனினும், பிடித்து வளர்த்துக் காக்கும் முயற்சி காலந்தாழ்ந்தே தொடங்கியது. 2009 ஆகஸ்டில் அதன் ஒலி இறுதியாகப் பதிவாயிற்று. 2017இல் அவ்வினம் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது.

சாலிம் அலி வௌவால் இன்றும் அழியும் நிலையிலுள்ள இனமே. பழமுண்டு விதை பரப்பிக் காடு வளர்க்கும் இவ்வினத்துக்குக் குகையும் காடுமே வாழ்விடம். பெயரறிந்த நாம், உரிய காலத்தில் அவற்றைக் காப்பது கடமையன்றோ!

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் வௌவால்கள் தங்கும் மரங்களையும் இடங்களையும் தொலைவிலிருந்து கண்டு, குறிப்பேட்டில் பதிவு செய்க.