அவுரி கேட்டால் எதை எடுத்துக் கொடுப்பது?



மரக்காணத்தில் உப்பும் நாட்டு மருந்துச் சரக்கும் மொத்தமாக வியாபாரம் செய்து வருகிறேன். கல்லாவில் உட்கார்ந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இத்தனைக்குப் பிறகும் ஒரு சரக்கின் பெயரை நம்பி ஏமாந்தேன். தப்பு என்னுடையதுதான். அது நம் கடைக்காரர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் தலைச்சாயத்துக்கு அவுரிப் பொடி வேண்டுமென்று நம் பக்கத்துச் சில்லறைக் கடைகளிலிருந்து கேட்க ஆரம்பித்தார்கள். தூத்துக்குடி பக்கம் சொல்லி 'அவுரி இலை' இரண்டு மூட்டை வரவழைத்தேன். அரைத்து, பாக்கெட் கட்டி அனுப்பினேன். பத்து நாளில் ஒரு கடைக்காரர் பாக்கெட்டோடு வந்து நின்றார். "முதலாளி, மருதாணி வைத்துக்கொண்டு மேலே இதைப் பூசிய அம்மாவுக்கு முடி சிவப்பாகவே இருக்கிறதாம்" என்றார். அதற்குள் வேறொரு பெரியவர் அவுரி உடம்புக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அதே பொடியை வெந்நீரில் கலக்கி இரண்டு நாள் குடித்துவிட்டார். வயிற்றுப்போக்கில் ஆள் துவண்டுபோனார்.

விசாரித்த பிறகுதான் புரிந்தது. தென் மாவட்டங்களில் அவுரி என்றால் நிலாவாரை. பேதிக்குக் கொடுக்கிற இலை. தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வெளிநாடு போவதும், அங்கே 'டின்னவேலி சென்னா' என்று பெயர் வாங்கியதும் அதுதான். அனுப்பியவர் நான் கேட்டதைத்தான் அனுப்பினார். நம் வட்டாரத்தில் அவுரி என்றால் நீலச் சாயம் தரும் நீலிச்செடி. ஒரே பெயரில் இரண்டு செடி. இரண்டும் காய்ந்து பொடியானால் ஒரே பச்சை. பாக்கெட் அத்தனையும் திருப்பி எடுத்துக்கொண்டேன். பெரியவர் வீட்டுக்கு நேரில் போய் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

இதில் வெட்கம் என்னவென்றால், சாய அவுரி நம் வாசலிலேயே விளைகிறது. திண்டிவனம், விழுப்புரம் பக்கம் அவுரி பயிரிட்டு நீலக்கட்டி எடுக்கும் தொழில் இன்றும் நடக்கிறது. அறுத்த செடியைத் தொட்டித் தண்ணீரில் ஓர் இரவு ஊறப் போடுவார்கள். இலையில் இருக்கும்போது அதற்கு நீல நிறமே கிடையாது. ஊறிப் புளித்த தண்ணீரை அடுத்த தொட்டிக்கு இறக்கி, ஆட்கள் உள்ளே இறங்கிக் காலால் அடித்துக் கலக்குவார்கள். காற்றுப் படப்பட, பச்சையும் மஞ்சளுமாக இருந்த தண்ணீர் நீலமாகத் திரும்பும். அடியில் தங்கும் வண்டலைக் காய்ச்சி, வடிகட்டி, அழுத்தி, கட்டியாக வெட்டி நிழலில் உலர்த்துவார்கள்.

இந்தக் கரையின் பழைய வியாபாரமே அதை நம்பி இருந்தது. புதுச்சேரியில் நெய்து அவுரியில் தோய்த்த நீலத்துணிக்கு 'கினே' என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் அதை ஆப்பிரிக்காவின் செனகலுக்குக் கப்பல் ஏற்றினார்கள். செனகல் ஆற்றங்கரையில் அந்தத் துணியைக் கொடுத்து வேலம்பிசின் வாங்கினார்கள். பிசின் பிரான்சுக்குப் போய்த் துணி அச்சுக்கும் மைக்கும் பயன்பட்டது. ஒரு செடியின் சாயத்தைக் கொடுத்து இன்னொரு மரத்தின் பிசினை வாங்கிய பண்டமாற்று!

1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனி ரசாயன நீலத்தைச் சந்தைக்கு விட்டது. அதன்பின் சில வருஷங்களிலேயே இந்திய அவுரி விலை படுத்துவிட்டது. 1917இல் காந்தியடிகள் சம்பாரணுக்குப் போனது அவுரி விவசாயிகளின் குறை கேட்கத்தான். இன்று ஜீன்ஸ் துணிக்கு ஏறும் நீலம் பெரும்பாலும் ரசாயனத்தில் செய்தது.

கடைக்கு வருவோம். நிலாவாரையை ஒதுக்கிவிட்டாலும், 'நீலம்' என்று கேட்டு வருபவருக்கு நாம் மூன்று சரக்கில் ஒன்றைக் கொடுத்துவிட முடியும். சலவைக்குப் போடும் நீலத்துக்கும் அவுரிக்கும் சம்பந்தமே இல்லை. அவுரி நீலக்கட்டி துணித் தோய்ப்பவர்களுக்கு உரியது. அது தண்ணீரில் கரையாது, அதனால் பொடித்துத் தலையில் பூசினால் முடியில் ஏறாது. தலைக்கு வேண்டியது காய்ந்த இலையை அரைத்த பொடி மட்டுமே. நீலப் பொடி அதிகச் சத்துள்ளது என்று சொல்லி விற்பவரைக் கண்டால் விலகிவிடுங்கள்.

இலைப் பொடியைச் சோதிப்பது சுலபம். ஒரு ஸ்பூன் எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்து வையுங்கள். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் மேல்பரப்பு கருநீலமாகத் திரும்ப வேண்டும். வெள்ளைத் துணியில் தொட்டு வைத்தால் நீலக்கறை தெரிய வேண்டும். நிலாவாரை என்றால் பச்சையாகவே கிடக்கும். மூட்டை வாங்குமுன் மாதிரி வாங்கி இதைச் செய்திருந்தால் எனக்கு அந்த அவமானம் வந்திருக்காது. கட்டியைப் பார்க்க வேறு வழி உண்டு. நல்ல கட்டி எடை குறைவாக இருக்கும், தண்ணீரில் போட்டால் மிதக்கும். நகத்தால் தேய்த்த இடத்தில் செம்பு மினுமினுப்பு வரும். மண் கலந்தது மூழ்கிவிடும். செடி நீலமா ரசாயன நீலமா என்று பிரித்துச் சொல்லும் சோதனை மட்டும் கடையில் கிடையாது. அதற்கு ஆய்வுக்கூடம்தான்.

இனி மருதாணி. ராஜஸ்தானின் சோஜத் பகுதி அதற்குப் பெயர் போனது. 2021இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மருதாணி இலை தரும் நிறம் செம்மஞ்சளிலிருந்து அரக்குச் சிவப்பு வரைதான். கறுப்பு தரும் மருதாணி என்று ஒரு செடி உலகத்தில் இல்லை. 'கருப்பு மருதாணி' என்று வரும் சரக்கில் அநேகமாக பி.பி.டி. எனும் பாராஃபினைலின்டையமின் கலந்திருக்கும். தலைச்சாயத்தில் அளவோடு சேர்க்கும் ரசாயனம் அது. கைத்தோலில் நேரே பூசினால் சிலருக்குக் கொப்புளம் கிளம்பும். ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போனால் பெரும்பாலும் ஆயுசுக்கும் ஒத்துக்கொள்ளாது. பின்னால் சாதாரணத் தலைச்சாயம் போட்டாலும் முகம் வீங்கும். கல்யாணத்துக்கு முதல் நாள் கைக்கு வைப்பதற்கென்று அந்தப் பாக்கெட்டைக் கேட்கிற பெண்ணுக்குக் கொடுக்காதீர்கள். சாதாரண மருதாணியை எடுத்துக் கொடுங்கள். சிவப்பு போதும் என்று நீங்களே சொல்லிவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். பி.பி.டி. உள்ள தலைச்சாய உறையில், முன்சோதனை செய்துகொள்ள வேண்டும், புருவத்துக்கும் இமைக்கும் பூசக்கூடாது, பூசினால் பார்வை போகலாம் என்ற எச்சரிக்கை ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் இருக்க வேண்டும். அது இல்லாத உறையை வாங்கி அடுக்காதீர்கள். 1940ஆம் வருஷத்து மருந்துகள் மற்றும் அழகு சாதனப் பொருட்கள் சட்டத்தின்படி, விற்பனைக்காகப் பாக்கெட் கட்டி லேபிள் ஒட்டுவதும் 'தயாரிப்பு'தான். சில்லறை வியாபாரத்தில் வழக்கமாகப் பொட்டலம் கட்டுவதற்கு விலக்கு உண்டு. என்னைப் போன்ற மொத்த வியாபாரிக்கு அது பொருந்தாது. இதை ஒரு வக்கீல் நண்பர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அன்றோடு என் பெயரில் தலைப்பொடி கட்டுவதை விட்டேன். கோளாறு வந்தால் கடைக்காரரைக் காப்பது பில்தான். லைசென்ஸ் உள்ளவரிடம் வாங்கினேன், சாதாரணக் கவனத்தோடு பார்த்தும் குறை தெரியவில்லை, வந்த நிலையிலேயே ஒழுங்காக வைத்திருந்தேன் என்று காட்ட முடிந்தால் சட்டம் இடம் தருகிறது. பில் இல்லாமல் வண்டியில் வந்து இறக்கும் சரக்குக்கு இது எதுவும் கிடையாது.

மை விஷயம் ஒன்று பாக்கி. கடுக்காய்த் தூளும் அன்னபேதியும் தண்ணீரில் சேர்ந்தால் கறுத்துவிடும். அந்தக் காலத்தில் எழுதும் மை செய்தது இந்த வழியில்தான். வெள்ளைக்காரர்கள் கடுக்காய்க்குப் பதில் மாசிக்காய் போட்டார்கள். இன்று மை காய்ச்சுபவர் யாரும் நம் கடைக்கு வரப்போவதில்லை. ஆனால் ஈரம் பட்ட கடுக்காயைத் துருப்பிடித்த இரும்பு டின்னில் போட்டு வைத்தால் அதே மை டின்னுக்குள் தயாராகும். கறுத்த கடுக்காயை யாரும் வாங்க மாட்டார்கள். கோணியிலோ பிளாஸ்டிக் டிரம்மிலோ வையுங்கள்.

நம் கரையில் இன்னொரு தொந்தரவு உண்டு. அளத்து உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். ஐப்பசி கார்த்திகையில் மூட்டைக்கு அடியில் தண்ணீரே நிற்கும். அதன் பக்கத்தில் மருதாணிப் பொடியையோ அவுரிப் பொடியையோ அடுக்கினால் கட்டி தட்டி, நிறம் செத்துப்போகும். வெயில் படும் கண்ணாடி ஜாடியும் ஆகாது. நான் இப்போது உப்புக் கிடங்கில் பொடி வகையை வைப்பதில்லை. வீட்டு மாடியில் மரப்பலகை போட்டு, காற்றுப் புகாத டிரம்மில் வைக்கிறேன். டிரம் மேல் 'சாய அவுரி' என்று பெயிண்டில் எழுதியிருக்கிறேன்.