தேனிலவுக் கடற்கரைகள்: கேள்விப்படுவதும் உள்ளதும்

தமிழ்நாட்டிலிருந்து கிளம்பும் தம்பதிகளின் வெளிநாட்டுக் கடற்கரைப் பட்டியல் சிறியதுதான். மாலத்தீவு, பாலி, புக்கெட். கொஞ்சம் தேடிப் போகிறவர்களுக்குக் கோ சமூய், மொரீஷியஸ், துபாய். ஆனால் இந்தச் சின்னப் பட்டியலைச் சுற்றி உலவும் கதைகளுக்குக் கணக்கில்லை. பாதி டிராவல்ஸ்காரர் சொன்னது, மீதி போய்வந்த மச்சான் சொன்னது, அதற்கு மேல் ரீல்ஸ் வேறு. ரீல்ஸில் எப்போதும் வெயிலடிக்கும், கடல் எப்போதும் கண்ணாடி மாதிரி கிடக்கும்.

பெரும்பாலான ஏமாற்றங்களுக்குக் காரணம் ஒன்றுதான் என்பது என் எண்ணம். நாம் முதலில் தீவைத் தேர்ந்தெடுக்கிறோம், பிறகு அதற்குத் தேதியைப் பொருத்துகிறோம். கல்யாணத் தேதி ஏற்கெனவே முடிவாகிவிட்ட நிலையில் இது தலைகீழ் வேலை.

"வெப்ப நாடுதானே, வருஷம் பூராவும் வெயில்தான்"

இல்லை. ஒவ்வொரு கடலுக்கும் ஒரு மழைக்காலம் உண்டு, எல்லாம் ஒரே மாதத்தில் வருவதும் இல்லை. மாலத்தீவில் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும். காற்றும் மழையும் அலையும் கூடும். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை வானம் தெளிவு. அந்தமான் கடலோரம் இருக்கும் புக்கெட்டும் ஏறக்குறைய இதே கணக்கு. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருக்கும் பாலியில் கதை நேர்மாறு: நவம்பரிலிருந்து மார்ச் வரை மழை, ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை வறண்ட காலம். கோ சமூய் தாய்லாந்தில் இருந்தாலும் எதிர்ப்பக்கக் கடலில், தாய்லாந்து வளைகுடாவில் இருக்கிறது. அங்கே அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கொட்டும், நவம்பரில் மிக அதிகம்.

இதை நம் முகூர்த்த மாதங்களோடு வைத்துப் பாருங்கள். தை மாதக் கல்யாணம் என்றால் மாலத்தீவும் புக்கெட்டும் பொருந்தும். ஊரெல்லாம் அதே நேரத்தில் வருவதால் விலையும் உச்சத்தில் இருக்கும். அதே தையில் பாலிக்குப் போனால் குடையோடு சுற்ற வேண்டிவரும். வைகாசி, ஆவணிக் கல்யாணங்களுக்குப் பாலி. ஐப்பசிக் கல்யாணம் என்றால் கோ சமூயை விட்டுவிடலாம்.

மழைக்காலம் என்றாலே வீண் என்பதும் சரியில்லை. மழை பெரும்பாலும் சில மணி நேரம் அடித்துவிட்டு வெளுக்கும், அறை வாடகையும் குறையும். மாலத்தீவின் பா அட்டோலில் உள்ள ஹனிஃபாரு விரிகுடாவில் மான்டா திருக்கைகள் கூட்டமாக இரை தேடி வருவதே தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில்தான். அதைப் பார்க்க ஆசைப்படுகிறவருக்கு 'ஆஃப் சீசன்' என்று ஏஜென்ட் ஒதுக்கும் மாதங்களே சீசன்.

"மாலத்தீவு என்றால் லட்சக்கணக்கில்தான்"

1972-ல் குரும்பா ரிசார்ட்டோடு தொடங்கிய மாலத்தீவுச் சுற்றுலா, 'ஒரு தீவு, ஒரு ரிசார்ட்' என்ற முறையிலேயே நெடுநாள் நடந்தது. 2009-க்குப் பிறகு மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்களுக்கு அனுமதி கிடைத்தது. மாஃபுஷி போன்ற தீவுகளில் இன்று சாதாரணக் குடும்பங்கள் நடத்தும் அறைகளில் தங்கி, படகில் போய்ப் பவளப்பாறை பார்த்துவிட்டு வரலாம். ரிசார்ட் செலவில் சிறு பங்குதான் ஆகும்.

ஆனால் அங்கே விதிகள் வேறு. ஊர்த் தீவுகளிலும் மாலே நகரத்திலும் மது கிடையாது. பிகினி அணிய அதற்கென்று ஒதுக்கிய கடற்கரை மட்டும்தான். பீர் வேண்டுமென்றால் ரிசார்ட் தீவு. இந்தியாவிலிருந்து பாட்டில் கொண்டுபோனால் விமான நிலையச் சுங்கத்தில் எடுத்துக்கொள்வார்கள். வழிபாட்டுச் சிலைகளைக் கொண்டுவருவதற்கும் தடை உண்டு. ஆகவே அம்மா கைப்பையில் வைத்துவிட்ட குட்டிப் பிள்ளையாரை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டுப் போவது நல்லது.

ரிசார்ட்தான் என்று முடிவெடுத்தவர்கள் விலைக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கூட்டல் குறிகளைக் கவனியுங்கள். 10 சதவீதம் சேவைக் கட்டணம், 2025 ஜூலை முதல் 17 சதவீதம் சுற்றுலா ஜிஎஸ்டி, இரண்டும் தனி என்று பொருள். போதாததற்கு 2025 தொடக்கத்திலிருந்து பசுமை வரி ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர். சிறிய விருந்தினர் இல்லங்களில் 6 டாலர். மாலேயிலிருந்து தீவுக்குப் போகும் கடல் விமானச் செலவும் பல நேரம் விலையில் சேராது. அந்த விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். சாயங்காலம் மாலேயில் இறங்கினால் அன்றிரவு அங்கேதான். 'ஐந்து இரவு' பேக்கேஜில் ஓர் இரவு இப்படித்தான் கரையும்.

"கல்யாணமானதும் மனைவியின் பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் ஏற வேண்டும்"

கட்டாயம் இல்லை. பிறந்த வீட்டுப் பெயரிலேயே பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு உலகம் சுற்றலாம். டிக்கெட்டில் இருக்கும் பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும், காலாவதிக்கு இன்னும் ஆறு மாதமாவது இருக்க வேண்டும், அவ்வளவுதான். கல்யாணப் பத்திரிகையில் போட்ட பெயரில் டிக்கெட் போட்டுவிட்டு விமான நிலையத்தில் விழிக்காதீர்கள். புதுமணத் தம்பதிக்கென்று ரிசார்ட் தரும் கேக், இரவு விருந்து போன்ற சலுகைகளுக்குத் திருமணச் சான்றிதழ் கேட்பார்கள். அதற்காக ஒரு நகல் இருக்கட்டும்.

நமக்கே உரிய வில்லங்கம் இன்னொன்று இருக்கிறது. இனிஷியலை விரித்து எழுதாமல், குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக, ஒற்றைப் பெயரோடு பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர்கள் ஏராளம். 2022 நவம்பரிலிருந்து ஐக்கிய அரபு அமீரகம் சுற்றுலா விசாவில் ஒற்றைப் பெயர்க்காரர்களை ஏற்பதில்லை. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்போம் என்று பிறகு விளக்கம் வந்தது. துபாய்க் கடற்கரைக்குத் திட்டமிடுகிறவர்கள் விசாவுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே பாஸ்போர்ட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

நுழைவுப் படிவங்களிலும் ஓர் ஏமாற்று நடக்கிறது. மாலத்தீவின் 'இமுகா' படிவமும், 2025 மே முதல் தாய்லாந்து கேட்கும் மின்னணு வருகை அட்டையும் இலவசம். கூகுளில் முதலில் தெரியும் ஏதோ ஒரு தளம் அதற்குப் பணம் கேட்டால் அது அரசுத் தளம் அல்ல. ஆனால் பாலி ஆளுக்கு 1,50,000 ரூபியா வாங்குவது உண்மையான கட்டணம். 2024 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது.

"டிசிஎஸ் பிடித்தால் அந்தப் பணம் போனதுதான்"

போகாது. வெளிநாட்டு பேக்கேஜ் வாங்கும்போது ஏஜென்ட் மூலத்திலேயே வசூலிக்கும் வரியான டிசிஎஸ், உங்கள் பான் எண்ணில் முன்கூட்டிக் கட்டிய வருமான வரியாகப் பதிவாகும். ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், மிச்சமிருந்தால் திரும்ப வரும். விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகிறது. பார்க்க வேண்டியது யாருடைய பான் எண்ணில் ரசீது போடுகிறார்கள் என்பதை. மாமனார் பணம் கட்டி, மாப்பிள்ளை பெயரில் பில் போட்டு, பிறகு யார் கணக்கில் வந்தது என்று தேடும் வீடுகள் உண்டு.

"நம்ம நிறத்துக்கு வெயில் ஒன்றும் செய்யாது"

இதைச் சொல்வது பெரும்பாலும் மாப்பிள்ளைகள். கருஞ்சருமத்தில் இருக்கும் மெலனின் இயற்கையான கவசம்தான். ஆனால் அதன் வலு எஸ்பிஎஃப் 13 அளவே என்று பழைய ஆய்வொன்று கணித்திருக்கிறது. மாநிறத்துக்கு அதைவிடக் குறைவு. சருமத்தைச் சுடுவது சூடல்ல, புற ஊதாக் கதிர். கடற்காற்றில் சூடு தெரியாது, கதிர் குறையாது. மெல்லிய மேகத்தை 80 சதவீதம் வரை ஊடுருவி வரும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மணலும் அலை நுரையும் அதைத் திருப்பி அடிக்கும். கழுத்தளவுத் தண்ணீரில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு, ராத்திரி முதுகைப் படுக்கையில் வைக்க முடியாமல் குப்புறக் கிடப்பதெல்லாம் இதனால்தான்.

மணப்பெண்ணுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. கல்யாணத்துக்காகப் பார்லரில் செய்த கெமிக்கல் பீல், முகத்துக்குத் தடவும் ரெட்டினால் கிரீம் போன்றவை சருமத்தை வெயிலுக்கு இன்னும் எளிதில் ஆட்படுத்தும். பீலுக்கும் பயணத்துக்கும் எத்தனை நாள் இடைவெளி வேண்டும் என்று தோல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கடற்கரையில் போட்டுவிடும் 'கறுப்பு மருதாணி' டாட்டூவும் வேண்டாம். மருதாணி கறுப்பாக இருக்காது. அந்தக் கறுப்பு பெரும்பாலும் தலைச்சாயத்தில் சேர்க்கும் பிபிடி என்ற ரசாயனம். தோலில் கொப்புளமும் நீங்காத தழும்பும் வரலாம்.

சன்ஸ்கிரீன் வாங்கும்போது அட்டையைப் படியுங்கள். ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் உள்ளிட்ட நான்கு பொருள்கள் சேர்ந்தவற்றைத் தாய்லாந்து தன் தேசியப் பூங்காக்களில் 2021 ஆகஸ்டில் தடை செய்தது. அபராதம் ஒரு லட்சம் பாட் வரை.

"இந்திய லைசென்ஸ் இருந்தால் ஸ்கூட்டர் எடுக்கலாம்"

வாடகைக்கு விடுகிறவர் லைசென்ஸையே கேட்க மாட்டார். கேட்கப்போவது போலீசும், விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனமும். ஆர்டிஓ அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்குங்கள், அதில் இருசக்கர வண்டிப் பிரிவும் இருக்கிறதா என்று பாருங்கள். கார் லைசென்ஸ் மட்டும் வைத்திருப்பவர் பாலியில் ஸ்கூட்டரில் விழுந்தால், பயணக் காப்பீடு கைகழுவிவிட வாய்ப்பு அதிகம்.

"கடைசி நாள் ஸ்கூபா, ராத்திரி ஃபிளைட்"

கூடாது. அழுத்தத்தில் மூச்சுவிடும்போது ரத்தத்தில் கரையும் நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். விமானத்தின் குறைந்த காற்றழுத்தத்தில் அது குமிழியாகிவிடும். ஒரே ஒரு முறை மூழ்கியிருந்தாலும் குறைந்தது 12 மணி நேரம், பலமுறை என்றால் 18 மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறது டைவிங் பாதுகாப்பு அமைப்பான டான். மலை ஏறுவதும் இதில் சேரும். பாலியின் துலாம்பெனில் காலையில் மூழ்கிவிட்டு, மத்தியானம் சுமார் 1,500 மீட்டர் உயரக் கிந்தாமணிக்குக் காரில் ஏறுவது டூர் அட்டவணையில் அழகாகத்தான் இருக்கும். ஸ்கூபாவை முதல் நாள்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

"ஜெல்லி மீன் கொட்டினால் சிறுநீர்"

வேண்டாம், நல்ல தண்ணீரும் ஊற்ற வேண்டாம். தோலில் ஒட்டியிருக்கும் கொட்டு அணுக்களை இரண்டும் மேலும் வெடிக்க வைக்கலாம். தாய்லாந்தில் பாக்ஸ் ஜெல்லி மீன் வரும் கடற்கரைகளில் கம்பத்தில் வினிகர் பாட்டில் வைத்திருப்பார்கள். அதை ஊற்றிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

"கடல் ஆளை அடியில் இழுத்துவிடும்"

இந்த நம்பிக்கைதான் உயிரைக் குடிப்பது. ஆளை இழுப்பது பெரும்பாலும் ரிப் கரண்ட்: கரையில் வந்து மோதிய தண்ணீர் ஒரு குறுகிய தடம் பிடித்துக் கடலுக்குள் திரும்பி ஓடும் நீரோட்டம். அது யாரையும் அடியில் இழுப்பதில்லை, கரையை விட்டுத் தள்ளிக் கொண்டுபோகும். பயந்து கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடுகிறவர் களைத்துப் போய் மூழ்குகிறார். அலை உடையாமல், அமைதியாக, 'இங்கே இறங்கலாம்' என்று அழைப்பது போல் தெரியும் இடைவெளிதான் பல நேரம் அந்தத் தடம். சிக்கினால் மிதந்தபடி மூச்சைச் சீராக்கிக்கொண்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலக வேண்டும். நீந்தத் தெரியாவிட்டால் மிதந்தபடி கையைத் தூக்கிக் காட்ட வேண்டும்.

மழைக்காலத்தில் புக்கெட்டின் கரோன், கட்டா கடற்கரைகளில் சிவப்புக் கொடி ஏறுவது இதற்காகத்தான். சிவப்பும் மஞ்சளும் கலந்த கொடிகள் இருந்தால் அவற்றுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள். பாலியின் கூட்டாவில் பலாவிஸ்தா எனும் உயிர்காப்பாளர்கள் இருக்கிறார்கள். எந்தப் பக்கம் இறங்கலாம் என்று அவர்களிடம் கேட்டால் சந்தோஷமாகவே சொல்வார்கள். பாலியை அடுத்த நுசா பெனிடா தீவின் ஏஞ்சல்ஸ் பில்லாபாங் பாறைக்குளம் படத்தில் தொட்டித் தண்ணீர் போலக் கிடக்கும். பாறைக்கு அப்பாலிருந்து திடீரென்று ஏறிவரும் அலை அங்கே ஆட்களை அடித்துப் போயிருக்கிறது.

மூழ்குகிறவர் கத்துவார், கையசைப்பார் என்பதும் சினிமா பார்த்து வந்த எண்ணம். வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கும்போது மூச்சுக்கே நேரம் போதாது, கத்த வராது. போட்டோ எடுப்பதற்காக மனைவியையோ கணவரையோ இடுப்பளவுத் தண்ணீரில் நிற்க வைத்துவிட்டுத் திரையைப் பார்க்கிறவர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

கூட வந்தவர் தத்தளித்தால் உடனே குதிக்கத்தான் தோன்றும். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போவது உலகெங்கும் நடக்கிறது. குதிக்காதீர்கள். லைஃப் ஜாக்கெட், காலி கேன், சர்ஃப் போர்டு என்று மிதக்கும் எதையாவது எறியுங்கள், காவலரைக் கூப்பிடுங்கள், ஆள் இருக்கும் இடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கைகாட்டி நில்லுங்கள். அவசர மருத்துவ உதவிக்குத் தாய்லாந்தில் 1669, மாலத்தீவில் 102. இந்தோனேசியாவின் பொது அவசர எண் 112. எண்களை இரண்டு பேரின் போனிலும் பதிந்துவையுங்கள்; ஒருவர் தண்ணீரில் இருக்கும்போது போன் மற்றவர் கையில்தான் இருக்கும்.