களையெடுப்பில் நேரம் எங்கே போகிறது?



"இயற்கை விவசாயம் நல்லதுதான் சார். ஆனா களைக்கு ஆள்கூலி கொடுத்தே அழிஞ்சிடுவோம்." கச்சிராயபாளையம் டீக்கடையில் இந்தப் பேச்சைக் கேட்காத நாள் இல்லை. எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஒரு பட்டத்தில் களைக்கொல்லி டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்து, கடையிலேயே திருப்பி வைத்துவிட்டு வந்தவன்தான் நான்.

வங்கியில் இருந்தவரை எந்தச் செலவையும் பிரித்துப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. வயலுக்கு வந்தபிறகு மட்டும் "களைக் கூலி" என்று ஒரே வரியில் எழுதிவந்தேன். அந்த ஒரு வரிக்குள் என்னென்ன இருக்கிறது என்று பார்த்த அனுபவமே இந்தப் பாடம்.

கோடு போடும் முறை

கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு ஆள் பக்கத்தில் நிற்க வேண்டாம். 1930-களில் இங்கிலாந்துப் பஞ்சாலைகளுக்காக டிப்பெட் என்ற புள்ளியியலாளர் ஒரு எளிய வழி கண்டார். குறிப்பிட்ட இடைவெளியில் ஒருமுறை பார்ப்பது, அந்த நொடியில் யார் என்ன செய்கிறார்கள் என்று ஒரு கோடு போடுவது, அவ்வளவுதான். கோடுகள் சேரச் சேர, நேரம் எந்த வேலைக்கு எவ்வளவு போகிறது என்பது தெரிந்துவிடும்.

தூயமல்லி நட்ட ஒரு ஏக்கரில் ஆறு பெண்கள் களையெடுக்க வந்தார்கள். காலை 8 மணி முதல் 1 மணி வரை வேலை. 10 நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தேன். 30 முறை, ஆறு பேர், மொத்தம் 180 கோடு.

களை பிடுங்கியது: 99
பிடுங்கியதை வரப்புக்குச் சுமந்தது: 33
இடுப்பை நிமிர்த்தி நின்றது: 21
தண்ணீர் குடிக்கப் போய் வந்தது: 15
எந்தப் பாத்தி என்று கேட்டுக் காத்திருந்தது: 12

ஒரு கோடு 10 நிமிடம். சுமந்ததற்கு மட்டும் 330 நிமிடம், அதாவது ஐந்தரை மணி நேரம். ஒரு ஆளின் முழு நாள் வேலையே ஐந்து மணி நேரம்தான்! ஆறு பேரில் ஒருவருடைய கூலிக்கும் மேலாகச் சுமப்பதற்கே போயிருக்கிறது. களையை வரப்பில் போடச் சொன்னது யார்? நான்தான். தண்ணீர்க் குடத்தை மோட்டார் கொட்டகையில் வைத்ததும் நான்தான். பாத்தியைப் பிரித்துச் சொல்லாததும் நான்தான். ஆள் மெத்தனம் என்று அதுவரை நினைத்திருந்தேனே, அதை நினைத்தால் கூச்சமாக இருந்தது.

அவர்கள் கேட்ட கேள்வி

நான் நோட்டில் கோடு போடுவதை ஆள் கூட்டிவரும் அக்கா கவனித்துவிட்டார். "எங்களுக்கு நேரம் பாக்கறீங்களா சார்?" என்று நேராகவே கேட்டார். நோட்டைக் காட்டி விளக்கினேன். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அது என் தப்பு.

அவர் சந்தேகப்பட்டதில் நியாயம் உண்டு. நேர அளவையின் தந்தை என்று சொல்லப்படும் டெய்லர், 1899-ல் அமெரிக்காவின் பெத்லகேம் இரும்பாலையில் பலசாலியான ஒரு தொழிலாளியைத் தேர்ந்தெடுத்தார். ஒரு நாளைக்கு 12½ டன் இரும்பு சுமந்த இடத்தில் சுமார் 47 டன் சுமக்க வைத்தார். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர் ஆனது. வேலை ஏறக்குறைய நாலு மடங்கு, கூலி உயர்வு 60 சதவீதம். அளவைக்கு அன்று வந்த கெட்ட பெயர் இன்னும் முழுசாகப் போகவில்லை.

நம் ஊரில் நூறு நாள் வேலைக்கு மண்ணை அளந்து கூலி போட்டதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். 2005-ல் வந்த அந்தச் சட்டத்தின்படி, இடத்தின் தன்மைக்கும் பருவத்துக்கும் ஏற்ப வேலை நேரத்தை ஆய்வு செய்துதான் அளவு வைக்க வேண்டியிருந்தது. பெண்களுக்கும் முதியோருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் தனி அளவு என்றும் விதி இருந்தது. கல்வராயன் மலைச் சரிவில் கல்லோடு தோண்டும் ஒரு குழியும் கோமுகி பாசனத்து ஈர மண்ணில் தோண்டும் ஒரு குழியும் ஒன்றாகுமா? வேகமான ஆளை அளந்து எல்லோருக்கும் அதையே அளவாக வைத்தால் அது அநியாயம்.

இடுப்பை நிமிர்த்திய அந்த 21 கோட்டையும் நான் தொடவில்லை. அது வீண் நேரம் இல்லை. ஆலைகளிலும் ஓய்வுக்கென்று ஒரு பங்கு சேர்த்துத்தான் வேலை நேரத்தைக் கணக்கிடுவார்கள்.

மறுநாள் செய்தது

மீதி அரை ஏக்கருக்குத் தண்ணீர்க் குடத்தை வரப்பின் நடுவில் வைத்தோம். பாத்திகளை முதலிலேயே பிரித்துவிட்டோம். பிடுங்கிய களையைச் சேற்றிலேயே மிதித்து அமுக்கச் சொன்னேன். அது வயலுக்கே உரம். கோரையையும் விதை கட்டிய களையையும் மட்டும் வெளியே எடுத்தோம். அவற்றை உள்ளே விட்டால் மறுபடி முளைத்து வரும்.

பன்னிரண்டு மணிக்கே வேலை முடிந்தது. "பக்கத்து வயலையும் கொஞ்சம் பாருங்க" என்று சொல்ல நாக்கு வரை வந்தது. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முழுக் கூலியைக் கொடுத்து அனுப்பினேன். மிச்சமான ஒரு மணி நேரத்தையும் நானே எடுத்துக்கொண்டிருந்தால் அடுத்த களைக்கு அவர்கள் நிதானமாகத்தான் வேலை செய்திருப்பார்கள். அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் செய்வேன்.

வேலையை எப்படிப் பிரிப்பது?

அடுத்த பட்டத்தில் வரிசை நடவு போட்டு, கோனோவீடர் ஓட்டினோம். ஒருவரே நாள் முழுக்கத் தள்ளினால் தோள் விட்டுப்போகும். அதனால் இரண்டு பேர் மாற்றி மாற்றித் தள்ளினார்கள், மற்றவர்கள் பயிரை ஒட்டிய களையைக் கையால் எடுத்தார்கள். யார் எப்போது மாறுவது என்பதை அவர்களே முடிவு செய்தார்கள். கருவி வந்ததும் அதை ஆண்களிடம் கொடுத்துப் பெண்களை வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதைச் செய்யாதீர்கள். ஓட்டக் கற்றுக்கொள்ள அரை நாள் போதும்.

1953-ல் அகமதாபாத் காலிகோ ஆலையிலும் இதுதான் நடந்தது. தானியங்கித் தறி வந்தும் உற்பத்தி ஏறவில்லை. 29 பேர், 12 வகை வேலை. முழுத் தறிக்கும் யாரும் பொறுப்பில்லை. லண்டனிலிருந்து வந்த ஆய்வாளர் ரைஸ், ஒரு தறித் தொகுதிக்கு ஒரு சிறு குழு முழுப் பொறுப்பு என்று சொன்னதும், குழுக்களைத் தொழிலாளர்களே அமைத்துக்கொண்டார்கள். உற்பத்தி கூடியது, துணி வீணாவது குறைந்தது.

அடுத்த களைக்கு ஒரு காலைப்பொழுது ஒதுக்குங்கள். ஆட்களிடம் முதலில் சொல்லிவிட்டு, ஒரு நோட்டில் கோடு போடுங்கள். மதியம் கஞ்சி குடிக்கும்போது அதை அவர்களிடமே காட்டி, எதை மாற்றலாம் என்று கேளுங்கள். குடத்தை எந்த இடத்தில் வைக்கலாம் என்று எனக்குச் சொன்னது அந்த அக்காதான்.